மைதானத்தின் கதவு யாருக்கு?

வரும் பொங்கலையொட்டி நம் சங்கம் நடத்தவிருக்கும் கிரிக்கெட் போட்டி குறித்துச் செயற்குழுவின் முன் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. இவ்வாண்டு முதல் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்கள் சங்கத்தின் பகைவர்கள் அல்லர். அலுவலக வாடகைக்கு வழியில்லாத நாட்களில் வீடு வீடாக உண்டியல் ஏந்தியவர்கள். இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பக் காசில்லாமல் நின்ற குடும்பங்களுக்கு முன்வந்து உதவியவர்கள். ஆகவே அவர்கள் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளவும் நம்மால் இயலவில்லை. ஏன் என்பதை வாசகர்கள் முன் வைப்பது நம் கடமை.

"விளையாட்டுச் சங்கதிக்கு ஒரு தலையங்கமா? விலைவாசி இல்லையா, ஒப்பந்தக் கூலி இல்லையா, குழாயில் வராத தண்ணீர் இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மாதந்தோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் பிழைக்க வந்த ஊரில் நாம் அண்டை வீட்டாரோடு எப்படி வாழப் போகிறோம் என்ற கேள்வி இந்தச் சின்னத் தீர்மானத்துக்குள் மறைந்திருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இது.

ஸ்வார்கேட்டில் நேரு ஸ்டேடியம் இருக்கிறது. நம்மில் பலர் பஸ் மாறும்போது அதைத் தாண்டித்தான் போகிறோம். 1996-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி அங்கே உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்று நடந்தது. ஒரு பக்கம் மேற்கிந்தியத் தீவுகள். 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற நாடு. ரிச்சி ரிச்சர்ட்சன் தலைவர். அணியில் லாரா, அம்புரோஸ், வால்ஷ். மறு பக்கம் கென்யா. முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்திருந்த அணி. சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் பந்தாடியவர்கள். தொடக்க ஆட்டக்காரர் சுதாசமா ஒரு பல் மருத்துவர்.

முதலில் ஆடிய கென்யா 166 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மட்டை பிடித்தவர்களில் அதிகம் எடுத்தவர் ஸ்டீவ் டிக்கோலோ, 29 ஓட்டங்கள். அதைவிட அதிகம் உதிரிகளாக வந்தவை, 37. அத்தோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மேற்கிந்தியத் தீவுகள் 93-க்கு ஆட்டமிழந்தது! லாரா எடுத்தது 8. கென்யாவின் தலைவர் மாரிஸ் ஒடும்பே 10 ஓவர் வீசி 15 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 3 பேரை வெளியேற்றினார். 73 ஓட்டங்களில் கென்யாவுக்கு வெற்றி. உலகக் கோப்பை வரலாற்றில் பெரியவன் சின்னவனிடம் மண்ணைக் கவ்விய கதைகளில் ஒன்று நம் ஸ்வார்கேட்டில் நடந்தது.

இந்த நாட்டில் கிரிக்கெட்தான் ராஜா. கென்யாவில் அது ஏழை உறவுக்காரன். அங்கே மக்கள் பார்ப்பது கால்பந்து. உலகம் வியப்பது அவர்களுடைய ஓட்டப் பந்தயம். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓடித் தங்கம் வென்ற கிப்சோகே கெய்னோ போலீஸில் வேலை பார்த்தவர். அந்த வழியில் போலீஸ், ராணுவம், சிறைத்துறை என்று ஓடத் தெரிந்தவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. கால்பந்துக்கு வேண்டியதோ ஒரு பந்தும் ஒரு பொட்டலும்தான். அங்கே புகழ்பெற்ற கோர் மாஹியா, லெப்பர்ட்ஸ் என்ற இரு மன்றங்களும் 1960-களில் எழுந்தவை. மேற்குப் பகுதியிலிருந்து நைரோபிக்குப் பிழைக்க வந்த லுவோ மக்களும் லூயா மக்களும் தூக்கிப் பிடித்த மன்றங்கள் அவை. நம் சங்கம் போன்றவைதான்.

அப்படியானால் அந்த நாட்டுக்குக் கிரிக்கெட் எப்படிப் போயிற்று? ரயிலோடு போயிற்று.

1896-ல் மொம்பாஸா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை வெள்ளை அரசாங்கம் இருப்புப் பாதை போடத் தொடங்கியது. அதற்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகள் ஏறக்குறைய 32,000 பேர். பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மடிந்தார்கள். நோயால் செத்தவர்கள், விபத்தில் செத்தவர்கள், 1898-ல் ட்சாவோ பாலத்தருகே சிங்கத்தின் வாய்க்குப் போனவர்கள். பாதை 1901-ல் முடிந்தபோது பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் அங்கேயே தங்கினர். இந்தப் பாதையின் நடுவில் 1899-ல் ரயில்வே முகாமாகத் தோன்றிய ஊர்தான் நைரோபி. பின்னால் குஜராத்திலிருந்து வணிகர்கள் வந்தார்கள். குமாஸ்தாக்களும் தையற்காரர்களும் தச்சர்களும் வந்தார்கள்.

அவர்கள் தமிழர் அல்லர். ஆனால் வண்டியேறிப் போனவன் கதை எங்கும் ஒன்றுதான். புனேயிலிருந்து பம்பாய்க்குப் போகும்போது போர் காட் மலைப்பாதையில் குகைக்குள் குகையாக வண்டி நுழைகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அருவி பார்க்கிறோம். 1863-ல் திறக்கப்பட்ட அந்தப் பாதையை வெட்டியபோது ஆயிரக்கணக்கான கூலிகள் காலராவிலும் வெடியிலும் செத்தார்கள். அவர்கள் பெயரை எந்த நிலையத்திலும் எழுதி வைக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு நைரோபியின் கதை அயலார் கதையாகத் தோன்றாது.

அந்த நகரில் கிரிக்கெட்டை முதலில் ஆடியவர்கள் வெள்ளையர்கள். அரசு அதிகாரிகள் ஓர் அணி, நிலம் பிடித்துக் குடியேறியவர்கள் ஓர் அணி. இந்தியர்களை உள்ளே விடவில்லை. இந்தியர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்கென்று மன்றம் கட்டினார்கள், மைதானம் சமன் செய்தார்கள். 1930-களில் ஐரோப்பியர் அணிக்கும் ஆசியர் அணிக்கும் ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. ஒதுக்கப்பட்டவன் தன் காலில் நின்று, ஒதுக்கியவனுக்கு எதிரே ஆடினான். இதில் நாம் பெருமைப்பட இடமுண்டு.

ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரனான ஆப்பிரிக்கன் எங்கே இருந்தான்? வேலிக்கு வெளியே. வெள்ளையன் மைதானத்தின் வேலிக்கும் வெளியே. நம்மவன் மைதானத்தின் வேலிக்கும் வெளியே. உள்ளே வந்தால் புல் வெட்ட வந்தான், ஆடுகளத்தை உருட்ட வந்தான். கென்யா 1963-ல் விடுதலை பெற்றது. 1975-ல் நடந்த முதல் உலகக் கோப்பையில் கென்யாவும் அண்டை நாடுகளும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் ஆடின. அந்த அணியிலும் பெரும்பாலோர் ஆசியர்களே. உலகக் கோப்பையில் இந்தியா பெற்ற முதல் வெற்றி அந்த அணிக்கு எதிராகத்தான். லீட்ஸ் நகரில் அவர்களை 120-க்கு வீழ்த்தி, விக்கெட் இழப்பின்றி வென்றோம்.

அதற்குள் காலம் கெட்டிருந்தது. 1967-க்குப் பிறகு கென்யாவில் குடியுரிமை எடுக்காத ஆசியர்களுக்கு வேலை அனுமதி, வணிக அனுமதி என்று நெருக்கடி வந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் லண்டனுக்கு ஓடினார்கள். 1968-ல் பிரிட்டன் சட்டம் போட்டுத் தன் கதவைச் சாத்தியது. 1972-ல் உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்து விரட்டினான். அநியாயம் அநியாயம்தான், அதற்குச் சமாதானம் இல்லை. ஆனாலும், மூன்று தலைமுறை வேலிக்கு உள்ளே தனியாக வாழ்ந்தவர்களுக்காகப் பரிந்து பேச அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நைரோபியில் மிஞ்சிய ஆசிய மன்றங்கள் ஒரு நல்ல காரியம் செய்தன. கதவைத் திறந்தன. மைதானத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வளர்ந்து, வேலியோரம் நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றிருந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். டிக்கோலோ வீட்டில் அண்ணன் தம்பிகள், ஒடும்பே வீட்டில் அண்ணன் தம்பிகள், சுஜி வீட்டில் அண்ணன் தம்பிகள். ஒருவன் வந்தால் பின்னாலேயே தம்பி வந்தான். புனேயில் மேற்கிந்தியத் தீவுகளை வீழ்த்திய பதினொருவரில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆசிய வீட்டுப் பிள்ளைகள், மறு பாதி ஆப்பிரிக்க வீட்டுப் பிள்ளைகள். லாராவின் விக்கெட்டே அதற்குச் சாட்சி: பந்து வீசியவர் ரஜப் அலி, பிடித்தவர் தாரிக் இக்பால், அணியின் தலைவர் ஒடும்பே. பயிற்சி தந்தவர் நம் நாட்டு ஹனுமந்த் சிங். ஒரே கைதட்டலில் எத்தனை கைகள்!

1998-ல் குவாலியரில் இந்தியாவையே அந்த அணி வீழ்த்தியது. 2003 உலகக் கோப்பையில் இலங்கையை நைரோபியில் வென்று, அரையிறுதிவரை போனது. அப்போது பயிற்சியாளர் பம்பாயின் சந்தீப் பாட்டீல். டர்பனில் இந்தியாவிடம் தோற்றுத்தான் திரும்பியது.

அதற்குப் பிறகு? இறங்குமுகம்தான். 2004-ல் ஒடும்பே சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிய குற்றத்துக்காக 5 ஆண்டு தடை செய்யப்பட்டார். சம்பளப் பாக்கிக்காக ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகத்தின் மீது ஊழல் புகார் எழுந்து, பழைய சங்கம் போய்ப் புதிய அமைப்பு வந்தது. பெரிய நாடுகள் அவர்களோடு ஆட வரவில்லை. 2014-ல் ஒரு நாள் பந்தய அந்தஸ்தையும் கென்யா இழந்தது.

இந்த வீழ்ச்சிக்கு மேலே ஒரு காரணம், கீழே ஒரு காரணம்.

மேலே உள்ள காரணம் பணம். உலகக் கிரிக்கெட்டின் வருமானத்தை 2024 முதல் 2027 வரை பங்கிட்ட கணக்கு செய்தித்தாள்களில் வந்தது. இந்திய வாரியத்துக்கு மட்டும் நூற்றுக்கு 38.5 பங்கு. முழு உறுப்பினரான 12 நாடுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 89. மீதி 11 பங்கை 90-க்கும் மேற்பட்ட சிறிய நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஜமீன்தார் வீட்டுக் களத்தில் அறுப்புக் கூலி அளந்த கதைதான்! இந்திய வாரியம் வேறெங்கோ முளைத்ததல்ல. தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம் அது. நம்மூர்ச் சங்கங்களுக்கு உள்ள அதே சட்டம். ஆனால் அதன் பந்தயங்களில் ஒன்றான ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 5 ஆண்டு ஒளிபரப்ப வந்த விலை 48,390 கோடி ரூபாய். அமெரிக்காவிலும் கிரிக்கெட் ஏழை உறவுக்காரன்தான். அங்கே ஆடுவோரும் பெரும்பாலும் நம்மைப்போல் குடிபெயர்ந்தவர்களே. 2024-ல் டல்லாஸில் பாகிஸ்தானை வீழ்த்திய சூப்பர் ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர் பம்பாயில் பிறந்த கணிப்பொறி எஞ்சினியர். ஆனால் அமெரிக்காவில் சந்தை இருக்கிறது. ஆகவே உலகக் கோப்பை அங்கே போகிறது. 2028-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் கிரிக்கெட் சேர்கிறது. கென்யாவில் திறமை இருந்தது, சந்தை இல்லை. ஆகவே அது கைவிடப்பட்டது.

கீழே உள்ள காரணம் நமக்கு இன்னும் முக்கியமானது. கென்யாவில் கதவு திறந்தது உண்மை. ஆனால் பாதிதான் திறந்தது. ஆட்டம் நைரோபியின் சில மன்றங்களைத் தாண்டி நாட்டின் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் கிராமங்களுக்குள்ளும் இறங்கவில்லை. சில குடும்பங்களின் பிள்ளைகள் முப்பது வயதைத் தாண்டியபோது, அவர்கள் இடத்தில் நிற்கப் போதுமான புதிய பிள்ளைகள் இல்லை. வேர் ஊன்றாத மரத்தை ஒரு காற்று சாய்த்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். புனேக்கும் இந்த வேலி புதிதல்ல.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் கடைசியில், பல்வங்கர் பாலு என்ற இளைஞர் இந்நகரில் மாதம் 3 ரூபாய் சம்பளத்துக்குப் பார்ஸி மன்றம் ஒன்றில் ஆடுகளம் பெருக்கி உருட்டினார். சமார் வகுப்பில் பிறந்தவர். பிறகு ஐரோப்பியர் மன்றத்தில் 4 ரூபாய். அங்கே வெள்ளை அதிகாரிகள் மட்டை பிடித்துப் பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் மட்டையைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படி வீசி வீசியே இந்நாட்டின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். வெள்ளையனை ஜெயிக்க வேண்டுமென்ற ஆசையில் புனே இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எப்படி? களத்தில் ஒரே பந்தைத் தொடலாம். தேநீர் நேரத்தில் மட்டும் அவர் வெளியே நிற்க வேண்டும், தூக்கியெறியும் மண் குவளையில் அவருக்குத் தேநீர். சாப்பாடும் தனியாக. 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். ஆயினும் இந்து அணிக்குத் தலைவராக அவரை ஒருபோதும் ஆக்கவில்லை. போராடிப் போராடி, 1923-ல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அந்தப் பதவி கிடைத்தது.

1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் எழுதப்பட்டபோது கையெழுத்திட்டவர்களில் பாலுவும் ஒருவர், சென்னையின் எம்.சி. ராஜாவும் ஒருவர். அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நம் வாசகர்களிடையே வேறு வேறு கருத்துகள் உண்டு. இங்கே நாம் சொல்ல வருவது ஒன்றே: மைதானத்தின் கதவும் சட்டசபையின் கதவும் ஒரே தச்சன் செய்தவை.

இனி கட்கிக்கு வாருங்கள். நம் பெரியவர்கள் கிர்க்கி என்று சொல்லும் இடம். அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில், மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்த ஒரு தமிழரின் மகனாக 1968-ல் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. புதுக் கோல் வாங்க வழியில்லை. உடைந்த ஹாக்கிக் கோல்களை ஒட்டுப் போட்டுக் கட்டிக்கொண்டு அண்ணன்மாரோடு ஆடினார். அந்தப் பையன் 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை ஆடினார். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஹாக்கித் தங்கம் பெற்றது. மராட்டிய மண், ராணுவ மைதானம், தமிழ்ப் பிள்ளை. "உன் தாய்மொழி என்ன?" என்று கேட்டு அந்த மைதானத்தில் ஒருவன் கதவை அடைத்திருந்தால்? நாம் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் இருந்திருக்காது.

இப்போது தீர்மானத்துக்கு வருவோம். அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று.

ஒன்று, 1966-க்குப் பிறகு பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கூச்சலையும் அடிதடியையும் மறக்கலாமா என்பது. மறக்க வேண்டாம். குமாஸ்தா வேலையைப் பறிக்க வந்தவன் என்று நம்மைக் காட்டி, உண்மையில் வேலையைக் குறைத்த முதலாளியை மறைத்தார்கள். அந்தப் பொய்க்கு நாம் தரும் பதில் என்ன? நாம் தனித் தீவு அல்ல, உங்கள் தெருவில் உங்களோடு வாழ்பவர்கள் என்பதுதான். தமிழருக்கு மட்டும் என்று பலகை மாட்டினால், அன்று கூச்சலிட்டவர்கள் எழுதிய வசனத்தை நாமே பேசியவர்கள் ஆவோம்.

இரண்டு, வெளியார் நடத்தும் போட்டிகளில் நம் பிள்ளைகளுக்கு இடம் தருவதில்லை. நம் காசில் நடக்கும் போட்டியில் அவர்களுக்கு ஏன் இடம் என்பது. வயிற்றெரிச்சலில் நியாயம் உண்டு. நம் பிள்ளை ஒருவன் ஒரு தேர்வுக்குப் போய், பெயரைக் கேட்டதுமே திருப்பி அனுப்பப்பட்டான் என்று அவன் தாய் நம் அலுவலகத்தில் வந்து அழுததை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தாயின் அழுகையை இன்னொரு வீட்டுத் தாய்க்கு நாம் கொடுக்கப் போகிறோமா? நம்மைச் சேர்க்காத இடத்தில் போராடுவோம். மனுக் கொடுப்போம், கூட்டமாகப் போய் நிற்போம். நம் தெருவில் நம் பிள்ளையோடு சைக்கிளில் பள்ளி போகும் மராட்டியப் பிள்ளையையும், வட கர்நாடகத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் பிள்ளையையும் அதற்காகத் தண்டிப்பது வீரமல்ல.

மூன்று, சென்ற ஆண்டு இறுதி ஆட்டத்தில் நடந்த சண்டை. உண்மைதான். ஓர் ஆட்டமிழப்புத் தீர்ப்பில் தொடங்கி மொழியில் போய் முடிந்தது. ஆனால் அன்று தீர்ப்புச் சொன்ன இரு நடுவர்களும் யார்? நம் செயற்குழு உறுப்பினர்கள். நடுவரில் ஒருவர் மற்றவர்கள் தரப்பிலிருந்தும் இருந்திருந்தால் சண்டைக்கு வழியே இருந்திருக்காது. தவறு நம்முடையது. அதைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை.

தீர்மானத்தில் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சங்கம் விளையாட்டுக்கென ஒதுக்கும் பணம் முழுவதும் கிரிக்கெட்டுக்கே போகிறது. நம் அப்பாமார் ஊரில் ஆடிய சடுகுடுவும், இந்த மண்ணில் ஹுதூதூ என்று ஆடப்பட்டதும் ஒன்றுதான். தமிழனும் மராட்டியனும் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஆடக்கூடிய ஆட்டம்! 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் ஆடினார். 2024-ல் புனேரி பல்டன் அணி கபடிக் கோப்பை வென்றபோது இந்நகரமே மகிழ்ந்தது. ஓர் ஆட்டத்தின் இடம் தெய்வம் எழுதி வைத்ததல்ல. 1980-ல் மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வந்தபோது இந்நாட்டின் ஆட்டம் எது என்று கேட்டால் பலரும் ஹாக்கி என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1983-ல் லார்ட்ஸில் கபில்தேவ் அணி கோப்பை வென்றது. அந்த அணிக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் பணமில்லாமல், லதா மங்கேஷ்கர் கச்சேரி நடத்தித்தான் திரட்டினார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது, விளம்பரம் வந்தது, ராஜா மாறினார். மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம்.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். 2025 நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பை எடுத்தது. அன்றிரவு நம் குடியிருப்பிலும் பட்டாசு வெடித்தோம். ஆனால் நம் பொங்கல் போட்டியில் பெண் பிள்ளைகளின் வேலை இன்னும் கோலம் போடுவதும் தண்ணீர் கொடுப்பதும்தான். இதுவும் ஒரு வேலி.

ஆகவே பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் யோசனைகள் இவை. பொங்கல் போட்டி குடியிருப்பில் வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். மொழி கேட்க வேண்டாம். ஒவ்வோர் அணியிலும் இரு மொழிக்காரர்களாவது கலந்திருக்கட்டும். நடுவர் குழுவில் அண்டைச் சங்கத்தாரையும் அழைப்போம். விளையாட்டு நிதியில் பாதி சடுகுடுவுக்கும் ஹாக்கிக்கும் போகட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி இவ்வாண்டே தொடங்கட்டும்.

இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் ஆடும் பொட்டல் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. ஒரு மூலையில் வாகனம் நிறுத்துகிறார்கள், மறு மூலையில் கட்டட இடிபாடு கொட்டுகிறார்கள். வேலி போட்டுப் பூட்டினால் தமிழ்ப் பிள்ளைக்கும் மராட்டியப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பூட்டு. மாநகராட்சியிடம் மைதானம் கேட்டு நாம் மட்டும் மனுக் கொடுத்தால் அது ஒரு சங்கத்தின் மனு. குடியிருப்பு முழுவதும் கையெழுத்திட்டால் அது வார்டின் கோரிக்கை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்தலில் நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விளையாட்டு வேலை தரும் என்பதும் கனவல்ல. மத்திய ரயில்வேயின் புனே கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாளே 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றார். தோனியும் ஒரு காலத்தில் கரக்பூரில் டிக்கெட் பரிசோதித்தவர்தான். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு ஏழைப் பிள்ளைகளுக்கு இருக்கும் சில ஏணிகளில் ஒன்று. அந்த ஏணியில் ஏற முதலில் ஆட இடம் வேண்டும். கூட ஆட ஆள் வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! கென்யா அணி புனேயில் வென்ற அந்த நாளில், தன் வேலியைத் தானே திறந்த ஒரு குடிபெயர்ந்த சமூகத்துக்கும் அந்த வெற்றியில் பங்கு இருந்தது. பிறகு அந்த ஆட்டம் வாடியதற்கு, கதவு பாதியோடு நின்றதும் ஒரு காரணம். நமக்கு இரண்டு பாடங்களும் வேண்டும். வரும் ஞாயிறு மாலை பொதுக்குழு கூடுகிறது. கையெழுத்திட்ட நண்பர்களும் வர வேண்டும். அவர்கள் பேச்சைக் கேட்போம், நம் பேச்சையும் அவர்கள் கேட்கட்டும். வாக்கெடுப்பு வந்தால், பந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு கணம் நினைத்துக்கொண்டு கை உயர்த்துங்கள். நம்மில் பலர் ஒரு காலத்தில் அந்த இடத்தில் நின்றவர்கள்தான்.